ஆளைத் தேடும் கேமரா, மேஜையைத் தேடும் பூனை

ஜப்பானின் ஸ்கைலார்க் குழுமம் நடத்தும் ‘கஸ்டோ’ குடும்ப உணவகங்கள் பலவற்றில் சாப்பாடு கொண்டுவருவது ஒரு பூனை. பெயர் பெல்லாபாட். சீனாவின் ஷென்ஜென் நகரிலுள்ள புடு ரோபாட்டிக்ஸ் நிறுவனம் செய்த இயந்திரம் அது. நான்கு அடுக்குத் தட்டுகள் கொண்ட சக்கர வண்டிதான் உடம்பு. மேலே ஒரு திரை, அதில் கண் சிமிட்டும் பூனை முகம். காதைத் தடவினால் குழைந்து பேசும். 2022 முடிவதற்குள் ஸ்கைலார்க் ஏறத்தாழ 2,100 கடைகளில் 3,000 ரோபோக்களை இறக்கிவிட்டது. வேலைக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கும் நாட்டில் இது வேடிக்கைக்காகச் செய்த செலவு அல்ல.

இத்தனை மேஜைகளுக்கு நடுவே நாம் கேட்ட சூப் நம்மிடமே வந்து நிற்பதைப் பார்த்தால், பூனை நம்மை அடையாளம் கண்டுகொண்டது போலத்தான் தோன்றும். ஆனால், அதற்கு நம்மைத் தெரியாது. 14ஆம் மேஜை எங்கே இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். உணவகத்தின் வரைபடத்தை முதல் நாளே அதற்குள் ஏற்றிவிடுகிறார்கள். தான் நிற்கும் இடத்தை லேசர் அளவியைக் கொண்டோ, கூரையில் ஒட்டிய குறியீட்டு வில்லைகளை மேல்நோக்கிய கேமராவால் படித்தோ அது கணக்கிடுகிறது. முன்னால் இருக்கும் ஆழக் கேமராக்களின் வேலை, குறுக்கே ஓடும் குழந்தைமீது மோதாமல் நிற்பது. சமையலறை ஊழியர் தட்டை வைத்து மேஜை எண்ணை அழுத்தினால் போதும். சென்னை ஓ.எம்.ஆரில் 2017இல் வந்த ரோபோ உணவகத்தில் இப்படித் தானாக இடத்தைக் கணக்கிடும் வசதியும் இல்லை. தரையில் பதித்த காந்தப் பாதையை ஒட்டியே அந்த ரோபோக்கள் நகர்ந்தன.

சிக்கல் தொடங்குவது கல்லாவில் பணம் கட்டிவிட்டு, கிடைத்த இடத்தில் உட்காரும் கடைகளில்தான். டோக்கன் எண்ணைக் கூவினால் பாதிப் பேருக்குக் கேட்காது. ஜன்னலோர இடம் காலியானதும் சிலர் மாறி உட்கார்ந்துவிடுவார்கள். தட்டைக் கையில் ஏந்திய சர்வர் நாலு மேஜை சுற்றிவருவதற்குள் தோசை ஆறிவிடும். இங்கேதான் கணினிப் பார்வை உள்ளே வருகிறது. கல்லா அருகே ஒருவரைப் பார்த்துவைத்துக்கொள்ளும் கேமரா, அவர் எங்கே போய் உட்கார்ந்தார் என்பதைச் சொல்லிவிட்டால் தேடும் வேலையே இல்லை.

இதன் முதல் பகுதி இன்று எளிது. ஒரு காட்சியில் மனிதர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று நொடிக்குப் பலமுறை கட்டமிட்டுக் காட்டும் ‘யோலோ’ போன்ற நிரல்கள் 2015 முதலே இருக்கின்றன. அடுத்தது, கேமராப் படத்தின் புள்ளியைத் தரையின் இடமாக மாற்றுவது. தரையில் தெரிந்த நான்கு இடங்களைப் படத்தில் குறித்துக் கொடுத்தால் கணிதம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

ஆனால், அந்தக் கணிதத்துக்குக் கால் தெரியவேண்டும். பாதம் தரையைத் தொடும் புள்ளிதான் ஆள் நிற்கும் இடம். உணவகத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். காலை மேஜை மறைக்கிறது, தோளை நாற்காலி மறைக்கிறது, எதிரே நின்று பில் எழுதுபவர் மொத்த ஆளையும் மறைக்கிறார். கேமராவைக் கூரையில் மாட்டினால் இந்த மறைப்பு பெரும்பாலும் தீரும். அமேசான் கோ கடைகளில் ஆட்களைப் பின்தொடர அப்படித்தான் மேலே நிறைய கேமராக்களைப் பொருத்தினார்கள். ஆனால், உச்சந்தலையை மட்டும் பார்த்து ஆளை ஆளிடமிருந்து பிரிப்பது இன்னொரு சிக்கல்.

ஒரு கேமராவில் பார்த்தவரை இன்னொன்றில் கண்டுபிடிக்க உடை, நிறம், உடல்வாகு ஆகியவற்றை ஒப்பிடும் முறை உண்டு. அதற்குப் பயிற்சி கொடுக்க ஆயிரக்கணக்கான மனிதர்களின் படங்கள் வேண்டும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்துபோனவர்களைப் படமெடுத்து உருவாக்கிய ‘டியூக் எம்டிஎம்சி’ தொகுப்பை உலகெங்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்தினார்கள். அந்தரங்க மீறல் என்ற எதிர்ப்பு வலுத்ததும் 2019இல் அதை விலக்கிக்கொள்ள நேர்ந்தது. ‘யோலோ’வை உருவாக்கிய ஜோசஃப் ரெட்மனே, ராணுவப் பயன்பாடும் அந்தரங்கக் கவலையும் புறக்கணிக்க முடியாதவை ஆகிவிட்டதாகச் சொல்லி, கணினிப் பார்வை ஆய்வை நிறுத்திக்கொண்டதாக 2020இல் அறிவித்தார்.

முகத்தையே பார்த்துவிட்டால் குழப்பம் குறையும் என்பது சிலர் வாதம். 2017இல் சீனாவின் ஹாங்சோ நகரில் கேஎஃப்சியின் ‘கேப்ரோ’ கடையில் அலிபே நிறுவனம் முகத்தைக் காட்டிப் பணம் கட்டும் வசதியைக் கொண்டுவந்தது. பணம் கட்ட முடிந்த முகத்தைக்கொண்டு மேஜையையும் கண்டுபிடிக்கலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால், முகம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஜாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகியோரின் 2018 ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்கள் கருநிறப் பெண்கள் விஷயத்தில் 34.7 சதவீதம் வரை தவறின. வெளிர்நிற ஆண்களுக்கு அதிகபட்சத் தவறு 0.8 சதவீதம். ஆளை அடையாளம் காண்பது வேறு வேலைதான். ஆனாலும், பயிற்சியில் யார் முகம் குறைவோ அவர்கள் விஷயத்தில்தான் இயந்திரம் தடுமாறும் என்ற எச்சரிக்கை அதற்கும் பொருந்தும். மாநிறமும் கருநிறமும் கலந்த நம் ஊர்க் கூட்டத்தில் யார் தட்டு யாரிடம் போகும்?

இத்தனைக்கும் தீர்வு ஏற்கெனவே மலிவாகக் கிடைக்கிறது. புளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் 2012இல் திறந்த ‘பி அவர் கெஸ்ட்’ உணவகம், தொடக்க ஆண்டுகளில் மதிய உணவுக்கு வந்தவர்கள் கையில் ரோஜா வடிவ வில்லை ஒன்றைக் கொடுத்தது. எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் அந்த வில்லையின் ரேடியோ அலை வழியே இடம் தெரிந்துவிடும். சாப்பாடு அங்கேயே வரும். மேஜைக்கு அடியில் சிறு அட்டைகளை ஒட்டி, வில்லை அதன்மேல் இருக்கும்போது எண்ணைப் படித்துக்கொள்ளும் கருவிகளும் சந்தையில் உள்ளன. எழுந்து வேறு மேஜைக்குப் போனால் வில்லையையும் எடுத்துப் போகிறோம். சாப்பிட்டு முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். முகத்தை அப்படித் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா?

கேமராவே வேண்டாம் என்பதல்ல வாதம். எந்த மேஜை காலி, எங்கே எச்சில் தட்டு எடுக்காமல் கிடக்கிறது, யார் கையை உயர்த்திக் கூப்பிடுகிறார் என்பதையெல்லாம் பெயரும் முகமும் இல்லாமலே அது சொல்லும். கடையிலுள்ள கணினியிலேயே கணக்கை முடித்து, படத்தைச் சேமிக்காமல் விட்டாலும் இந்த வேலை நடக்கும். முகத்தைப் பதிவதுதான் எல்லை மீறல். ஒரு வேளை சாப்பாட்டுக்கு அது தேவையே இல்லை.

இந்தியாவில் 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காகத் தரவைச் சேர்க்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெறவேண்டும் என்கிறது. தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையையும் தருகிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்கள் தயாராவதற்கு அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த முறை ஏதாவது உணவகத்தில் கல்லாவுக்கு மேலே கேமரா உங்கள் முகத்துக்கு நேராக இருந்தால், அது எதைப் பதிகிறது, எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று மேலாளரிடம் கேளுங்கள். பதில் சொல்லவேண்டியது அவர் பொறுப்பு.