நடுவிலேயே ஏன் ஓட விட்டார்கள்?

அமெரிக்காவில் படிக்கப் போன பிள்ளை, செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரையிலான ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனில் உம்மென்று இருந்தால், பரீட்சைதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் பல்கலைக்கழகம் ஃபுட்பாலில் தோற்றிருக்கலாம். கிளறிப் பார்த்தால் தோல்வியைவிட வேறொன்றுதான் அரித்துக்கொண்டிருக்கும்: "அந்த இடத்தில் போய் ஏன் அதைச் சொன்னார்?"

யார், யாரிடம், எதைச் சொன்னார்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் அந்த ஊர் சண்டையில் பாதி புரிந்துவிடும்.

முதலில், இது நாம் ஆடும் கால்பந்து இல்லை. கையில் பந்தைப் பிடித்து ஓடலாம், வீசலாம். பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு டவுன். நான்கு டவுனுக்குள் 10 யார்டு (சுமார் 9 மீட்டர்) முன்னேறிவிட்டால் புதிதாக நான்கு டவுன் கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளிகள். அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்து இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். டச்டவுன் கிடைக்காது என்று தோன்றினால், தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளிகள் பெறலாம்.

தொலைக்காட்சியில் ஓர் ஓரத்தில் '3rd & 7' என்று எழுதியிருப்பார்கள். மூன்றாவது முயற்சி, இன்னும் 7 யார்டு வேண்டும் என்று பொருள். ஸ்கோரைப் பார்க்கும் முன் இதைப் பார்க்கப் பழகுங்கள். ரசிகர்கள் சண்டை போடுவது பெரும்பாலும் இந்த இரண்டு எண்களை வைத்துத்தான்.

சரி, இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது, ஆடுபவர்கள்தானே ஆடுகிறார்கள்? கிரிக்கெட்டில் பந்து வரும் விதத்தைப் பார்த்து மட்டையாளரே முடிவெடுக்கிறார். இங்கே, பந்து வருவதற்கு முன்பே எந்தப் பக்கம் அடிப்பது என்று பெவிலியனிலிருந்து ஒருவர் சொல்லிவிடுகிறார், ஒவ்வொரு பந்துக்கும். ஒரு டவுன் முடிந்து அடுத்தது தொடங்க அதிகபட்சம் 40 விநாடி. அதற்குள் பயிற்சியாளர் ஒரு பிளேயை (ஒரு டவுனில் பதினோரு பேரும் செய்ய வேண்டிய வேலைக்கான திட்டம்) தேர்ந்தெடுத்து, உள்ளே நிற்கும் குவார்ட்டர்பேக்குக்கு (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்) சேர்ப்பிக்க வேண்டும். கையசைத்தும், படம் போட்ட அட்டைகளைத் தூக்கிக் காட்டியும் பல காலம் சொன்னார்கள். உயர்மட்டக் கல்லூரி அணிகளில் 2024 முதல் ஹெல்மெட்டுக்குள்ளேயே பேச அனுமதி உண்டு. ஆனால் 40 விநாடியில் கடைசி 15 இருக்கும்போது அந்த இணைப்பு தானாக அறுந்துவிடும்.

சொல்பவர் பெரும்பாலும் தலைமைப் பயிற்சியாளர் இல்லை. தாக்குதல் பயிற்சியாளர் என்று தனியாக ஒருவர் இருப்பார். பெரிய பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வாங்குபவர்கள் உண்டு. தோற்றால் முதலில் உருள்வது இவர் தலைதான்.

எதற்கும் எதற்கும் நடுவே தேர்வு? சுருக்கமாகச் சொன்னால், ஓடுவதா வீசுவதா. ஓட்டம் பத்திரமானது. இரண்டு மூன்று யார்டு கிடைக்கும், பந்து நம்மிடமே இருக்கும், கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும். வீசினால் ஒரே அடியில் 40 யார்டு கிடைக்கலாம். கீழே விழுந்து கடிகாரம் நிற்கலாம். எதிரணிக்காரரே பிடித்துவிடவும் செய்யலாம். முன்னிலையில் இருப்பவர் ஓட விரும்புவார், பின்தங்கியவர் வீசித்தான் ஆக வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த பொது விதி. எல்லோருக்கும் தெரியும் என்பதால் எதிரணிக்கும் தெரியும், சிக்கலே அங்கேதான்.

இனி ஓர் உண்மையான ஆட்டத்தைப் பார்ப்போம். 2024 நவம்பர் 30, ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம். ஒஹாயோ ஸ்டேட்டும் மிச்சிகனும் மோதும் ஆட்டம். அங்கே இதற்குத் தனிப் பெயர்கூட வேண்டியதில்லை, 'அந்த ஆட்டம்' என்றாலே போதும். ஒஹாயோ ஸ்டேட் நாட்டின் இரண்டாம் இடத்தில் இருந்த அணி. மிச்சிகன் அதுவரை 6 வெற்றி, 5 தோல்வி. ஏறத்தாழ மூன்று டச்டவுன் வித்தியாசத்தில் ஒஹாயோ ஸ்டேட் ஜெயிக்கும் என்றன பந்தயக் கணக்குகள். ஜெயித்தது மிச்சிகன், 13-10. அந்த எதிரியிடம் தொடர்ந்து நான்காவது ஆண்டாகத் தோல்வி.

ரசிகர்கள் கொதித்த காரணம் இது: ஒஹாயோ ஸ்டேட்டிடம் ஜெரமையா ஸ்மித், எமேகா எக்பூக்கா என்று பந்தைப் பிடிப்பதில் நாட்டிலேயே முன்வரிசையில் இருந்த இருவர். மிச்சிகனின் பலமோ தடுப்பு வரிசையின் நட்டநடுவில். மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்ற இரண்டு மலைகள்; அடுத்த ஆண்டு தொழில்முறை அணிகள் இருவரையும் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டன. அந்த இருவர் நிற்கும் இடத்தை நோக்கியே திரும்பத் திரும்ப ஓடியது ஒஹாயோ ஸ்டேட். 26 ஓட்டம், 77 யார்டு. போதாததற்கு, நடுவில் வழி திறந்துவிட வேண்டிய சென்டர் (பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் கொடுத்து ஒவ்வொரு பிளேயையும் தொடங்கி வைப்பவர்) சேத் மெக்லாக்ளின் குதிகால் தசைநாண் அறுந்து வெளியே இருந்தார். பக்கவாட்டுத் தடுப்பாளர் ஜாஷ் சிம்மன்ஸும் காயத்தில். சுவரில் எங்கே பலமோ, நமக்கு எங்கே பலவீனமோ, அதே இடத்தில் முட்டுவது எதற்கு?

நியாயமான கேள்வி. என் கணக்கில் அன்று ரசிகர்கள் சொன்னதுதான் சரி, பயிற்சியாளர்கள் சறுக்கினார்கள்.

ஆனாலும் மறுபக்கத்தையும் கேளுங்கள். வீசியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா? அன்று வீசியபோது இரண்டு பந்துகளை எதிரணி பிடித்துக்கொண்டது. உதைத்து 3 புள்ளி எடுக்கப் போன இரண்டு முறையும் தவறியது. அந்த இரண்டில் ஒன்று உள்ளே போயிருந்தாலும் 13-13. அப்போது இத்தனை பேர் பிளேயைப் பற்றிப் பேசியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

'நடந்ததை வைத்துத்தானே சொல்ல முடியும்' என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்தப் பழக்கம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு அலபாமா அணியின் ஐந்தே வாரம் போதும்.

2023 நவம்பர் 25, ஆபர்ன் ஊரில் பரம எதிரி ஆபர்ன் அணியோடு ஆட்டம். அலபாமா 20-24 என்று பின்தங்கியிருக்கிறது. நான்காவது டவுன், கோட்டுக்கு 31 யார்டு. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. ஜேலன் மில்ரோ வீசினார், டச்டவுன் பகுதியின் மூலையில் ஐசையா பாண்ட் பிடித்தார். வெற்றி, 27-24. எல்லோரும் மேதாவி ஆனார்கள். 2024 ஜனவரி 1, ரோஸ் பவுல் என்ற பெரிய ஆட்டம். சமநிலைக்குப் பிறகான கூடுதல் நேரத்தில் மிச்சிகன் டச்டவுன் போட்டுவிட்டது. அலபாமாவும் போட்டாக வேண்டும். மறுபடி நான்காவது டவுன், ஆனால் இம்முறை கோட்டுக்கு 3 யார்டு மட்டுமே. மில்ரோவையே நடுவில் ஓடச் சொன்னார்கள். மனிதச் சுவரில் போய் விழுந்தார். 20-27. அன்றிரவு முதல் தாக்குதல் பயிற்சியாளர் டாமி ரீஸின் பெயரைச் சொல்லாத அலபாமாக்காரர் இல்லை.

யோசித்துப் பாருங்கள். நான்காவது டவுனில் 31 யார்டு என்பது நூற்றில் ஒருமுறை நடந்தால் பெரிது. 3 யார்டுக்கு, காலில் வேகமும் உடலில் பலமும் உள்ள குவார்ட்டர்பேக்கை ஓட விடுவது பைத்தியக்காரத்தனம் இல்லை, பலர் செய்வதுதான். வந்த புகழும் வசவும் முடிவைப் பார்த்து வந்தவை. அந்தக் கடைசி பிளேயில் பந்தும் தாழ்ந்துதான் வந்தது. தாழக் கொடுத்த சென்டர் யார் தெரியுமா? இதே மெக்லாக்ளின். ரசிகர்கள் கோபத்தில் பெரிய பங்கு அவர்மேல் விழ, அவர் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு மாறினார். அங்கே நாட்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருதையும் வாங்கினார். அவர் ஆடிய வரை ஒஹாயோ ஸ்டேட்டின் நடுப்பகுதி தேறியது. அவர் விழுந்த பிறகு வந்ததுதான் மேலே சொன்ன மிச்சிகன் ஆட்டம்.

அப்படியென்றால் பயிற்சியாளரைக் குறை சொல்லவே கூடாதா? தாராளமாகச் சொல்லலாம். சில நேரம் கடிகாரமே உங்கள் பக்கம் சாட்சி சொல்லும். 2023 அக்டோபர் 7, மயாமி 20, ஜார்ஜியா டெக் 17. பந்து மயாமியிடம், மூன்றாவது டவுன், ஆட்டம் முடிய ஏறக்குறைய அரை நிமிடம். ஜார்ஜியா டெக்கிடம் டைம்-அவுட் (கடிகாரத்தை நிறுத்தும் உரிமை) ஒன்றுகூட மிச்சமில்லை. இங்கே செய்ய வேண்டியது ஒன்றே. குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி ஒரு முட்டியைத் தரையில் ஊன்றினால் பிளே முடிந்தது. அடுத்த பிளேக்கு 40 விநாடி அவகாசம் இருக்கும்போது, இருக்கும் அரை நிமிடம் தானாகக் கரைந்துவிடும். மயாமி ஓட விட்டது. பந்து நழுவியது. அதை எடுத்த ஜார்ஜியா டெக், கடைசி விநாடிகளில் 44 யார்டு வீச்சில் டச்டவுன் போட்டு 23-20 என்று ஜெயித்தது. முட்டி ஊன்றியிருக்க வேண்டும் என்று பயிற்சியாளர் மாரியோ கிறிஸ்டோபலே ஒப்புக்கொண்டார். 2018இல் ஓரிகன் அணியில் இருந்தபோதும், ஸ்டான்ஃபர்டுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் ஓட விட்டுப் பந்தை இழந்தவர் அவர். அங்கே கணக்கு இவ்வளவு சுத்தமாக இல்லை என்றாலும், ரசிகர்கள் எதையும் மறப்பதில்லை.

(முட்டி ஊன்றும் இந்த வழக்கம் வேரூன்றியதே ஒரு தப்பால்தான். 1978இல் தொழில்முறை நியூயார்க் ஜெயன்ட்ஸ் அணி இதேபோல் ஜெயித்த ஆட்டத்தைக் கோட்டைவிட்டது. அன்று பிளே சொன்னவருக்கு மறுநாளே வேலை போயிற்று.)

ஒரு பிளேயை வைத்துத் தீர்ப்புச் சொல்வதைவிட, ஒரு பருவம் முழுவதையும் வைத்துக் கேட்பது வலுவான கேள்வி. அயோவா ரசிகர்கள் அப்படித்தான் கேட்டார்கள். 2022இல் அந்த அணி ஒரு டச்டவுன்கூடப் போடாமல் ஓர் ஆட்டத்தை ஜெயித்த கதையெல்லாம் உண்டு. தாக்குதல் பயிற்சியாளர் பிரையன் ஃபெரன்ட்ஸ், தலைமைப் பயிற்சியாளரின் மகன். ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுக்க வேண்டும் என்று 2023இல் அவருடைய ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். எடுத்தது அதைவிட வெகு குறைவு. பருவம் முடியும் முன்பே, அடுத்த ஆண்டு அவர் இருக்கமாட்டார் என்று அறிவித்துவிட்டார்கள். அணி 10 ஆட்டங்களில் ஜெயித்தது என்பது வேறு விஷயம்.

இப்போது நீங்கள் ஒரு ஆட்டம் பார்க்க உட்காருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வது? பந்து நகரும் முன் எத்தனையாவது டவுன், எத்தனை யார்டு, எவ்வளவு நேரம், யாரிடம் எத்தனை டைம்-அவுட் என்று பாருங்கள். உங்கள் தேர்வை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: ஓட்டமா, வீச்சா? பிளே முடிந்தபின் சொல்வது யாருக்கும் வரும். முன்பே சொல்லிப் பழகினால், அரை ஆட்டத்துக்குள் உங்களுக்கே புரியும், எவ்வளவு முறை தவறுகிறோம் என்று. பக்கத்தில் இருப்பவர்கள் உங்களை மதிக்கத் தொடங்குவதும் அதனால்தான்.

கூடவே ஒரு எச்சரிக்கை. நடுவில் ஓடிய பிளே எல்லாம் நடுவில் ஓடச் சொன்ன பிளே இல்லை. இப்போது பல பிளேகளில் ஓட்டமும் வீச்சும் சேர்ந்தே இருக்கும். எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்துக் குவார்ட்டர்பேக் அந்தக் கணத்தில் ஒன்றை எடுப்பார். அது அவருடைய முடிவு, பயிற்சியாளருடையது இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே, ஒருமுறை நடந்ததற்காகக் கத்துவதைவிட, ஒரே மாதிரி நான்கைந்து முறை நடந்தபின் கேட்பது பாதுகாப்பானது.

கேட்பதையும் பயிற்சியாளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கில் சம்பளம் அதற்காகத்தான். ஆடுபவர்கள் இருபது வயதுப் பிள்ளைகள். தவறவிட்ட ஒரு பந்துக்காக அவர்களுடைய போனுக்கே வசவு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம்.

மிச்சிகனிடம் தோற்ற ஒஹாயோ ஸ்டேட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தலைமைப் பயிற்சியாளர் ரயன் டேயை விரட்டு என்றார்கள். மூன்று வாரம் கழித்துத் தொடங்கிய சாம்பியன்ஷிப் சுற்றில் அதே அணி டென்னசியை 42-17 என்று நொறுக்கியது. 2025 ஜனவரி 20, அட்லாண்டா, நோட்ர டேமுக்கு எதிரான இறுதி ஆட்டம்: 31-23 என்ற முன்னிலை, சில நிமிடங்களே பாக்கி, மூன்றாவது டவுன், 11 யார்டு. பொது விதிப்படி ஓடி நேரத்தைக் கரைக்க வேண்டிய இடம். பிளே சொன்னவர், மிச்சிகன் ஆட்டத்திலும் பிளே சொன்ன அதே தாக்குதல் பயிற்சியாளர், சிப் கெல்லி. ஸ்மித்துக்கு ஆழமாக வீசச் சொன்னார். ஸ்மித் பிடித்தார், ஒரே பிளேயில் 50 யார்டுக்கு மேல் கிடைத்தது. ஆட்டம் 34-23 என்று முடிந்து கோப்பை கொலம்பஸுக்கு வந்தது.

கடைசியாக, பிள்ளையைப் பார்க்கப் போய் அரங்குக்கே அழைத்துப் போனால் இரண்டு விஷயம். தொலைக்காட்சியில் முதல் டவுனைக் காட்டும் மஞ்சள் கோடு கணினி வரைவது. மைதானத்தில் அது இருக்காது, ஓரத்தில் சங்கிலி பிடித்து நிற்பவர்களைப் பாருங்கள். இன்னொன்று, நம் அணியிடம் பந்து இருக்கும்போது லட்சம் பேரும் அடங்கிப் போவார்கள். குவார்ட்டர்பேக்கின் குரல் அவருடைய ஆட்களுக்குக் கேட்க வேண்டும் என்பதால். கத்துவதெல்லாம் எதிரணியிடம் பந்து போனபின். உங்கள் யோசனையைப் பக்கத்து இருக்கைக்காரரின் காதில் மெல்லச் சொல்லுங்கள். அவரும் ஒன்று வைத்திருப்பார்.