அளப்பது உதவியாளர், பொறுப்பு தாதிக்கு

தாதி உத்தியோகத்தர் எந்த வேலையை உதவியாளரிடம் விடலாம் என்பதற்கான விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும் அடிப்படை ஒன்றுதான். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, சலத்தை அளப்பது போன்றவற்றை விடலாம். நோயாளியின் நிலையை மதிப்பிடுவதை விடக்கூடாது. பிரித்தானியத் தாதியர் நடத்தைக் கோவைப்படி, ஒப்படைக்கும் முடிவுக்குத் தாதியே பதில்சொல்ல வேண்டும்; ஒப்படைத்த வேலை சரியாக முடிந்ததா என்றும் அவரே பார்க்க வேண்டும்.

இலங்கையில் தாதியரின் பதிவு 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தாதியர் பேரவைச் சட்டத்தின்கீழ் நடக்கிறது. வாட்டில் அற்றென்டன் எனப்படும் உதவியாளர் அந்தப் பதிவேட்டில் இல்லை.

எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற இந்த எல்லை டெங்கு வாட்டில் உயிர்ப்பிரச்சினை. 2017இன் தொடக்கத்தில் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் டெங்கு கடுமையாகப் பரவியது. அவ்வருடம் நாடெங்கும் பதிவான நோயாளர் 186,000க்கும் மேல். ஆபத்தான கட்டத்தில் இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியும்போது சேலைன் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. சலத்தின் அளவே முக்கிய வழிகாட்டி: கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிலீற்றர், 60 கிலோ எடையுள்ளவருக்கு 30. அளவுச்சாடியை மேசையில் வைத்து, குனிந்து, கண்மட்டத்தில் வாசிக்க உதவியாளரைப் பழக்கலாம். துணைக்கு நிற்கும் தாய் ஒருதரம் சலத்தைக் கழிப்பறையில் ஊற்றியிருந்தால் அட்டவணையின் எண் பொய்யாகிவிடும். அதை விசாரித்தறிவது தாதியின் கடமை.

திருகோணமலையில் இந்த விசாரிப்பில்தான் மொழி குறுக்கிடுகிறது. நகரிலும் கிண்ணியா, மூதூரிலும் நோயாளர் பெரும்பாலும் தமிழ் பேசுவோர். தெற்கிலிருந்து மாற்றலாகி வரும் தாதியருக்கோ சிங்களமே தாய்மொழி. "வயிறு நோகுதா? எத்தனை தரம் சத்தி எடுத்தீங்க?" என்று கேட்பது பல நேரங்களில் அற்றென்டன்தான். விடாத வயிற்றுநோவும் சத்தியும் டெங்கின் அபாய அறிகுறிகள். "கொஞ்சம் பிசையுது" என்ற பதில் "நோ இல்லை" என்று மறுபக்கம் போய்ச் சேர்ந்தால், மதிப்பிடும் வேலை யாரும் ஒப்படைக்காமலே கைமாறிவிட்டது. எந்த விதியும் எட்டிப் பார்க்காத ஒப்படைப்பு இது. ஆகவே மற்ற எல்லாவற்றையும்விட ஆபத்தானது.

ஆள் பற்றாக்குறையில் மொழிபெயர்க்க ஒருவர் கிடைப்பதே பெரிது என்போர் உண்டு. உண்மைதான். அப்படியானால் அவருக்கு அதற்கென்ற பயிற்சி வேண்டும்.

1987இன் 13ஆம் திருத்தம் முதல் தமிழும் அரசகரும மொழி. அபாய அறிகுறிகளைக் கேட்டறியும் பத்துக் கேள்விகளையாவது தாதியர் தாமே தமிழில் கேட்கப் பழக்கப்பட வேண்டும். உதவியாளருக்கான அறிவுறுத்தல்கள் இரு மொழிகளிலும் எழுத்தில் இருக்க வேண்டும். அடுத்த டெங்குப் பருவத்துக்கு முன்பே இது நடக்கட்டும்.