இமைக்கும் முன் மடியும் இழை

வேதிவினையின் வேகம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மெத்தில் அசிட்டேட் சோதனைதான். அமிலத்தோடு கலந்து, குறித்த நேரத்திற்கு ஒருமுறை பிப்பெட்டால் எடுத்துத் தரம் பார்க்கிறோம். ஆனால் ஒரு நொடியை லட்சம் கூறிட்டு, அதில் சில கூறுகளுக்குள் முடிந்துவிடும் வினையை எவ்வாறு அளப்பது? கலந்து முடிப்பதற்குள் வினையே முடிந்திருக்குமே!

ஆர்.என்.ஏ. மடிவது அத்தகைய வினையாகும். அடினைன், யுராசில், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு காரங்கள் கோத்த இழை அது. அடினைன் யுராசிலோடும், குவானைன் சைட்டோசினோடும் இணைசேர, இழை தன்மீதே திரும்பிக் கொண்டை ஊசிபோல் மடிகிறது. புரத ஆக்கத்திற்கு அமினோ அமிலங்களைச் சுமந்து செல்லும் ஆர்.என்.ஏ., சரியாக மடிந்தால்தான் தன் வேலையைச் செய்ய முடியும். சிறு கொண்டை ஊசி ஒன்று மடியச் சில பத்து மைக்ரோ நொடிகளே போதும்.

இத்தகைய வினைகளை அளக்க வழி திறந்தவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பணியாற்றிய மான்ஃபிரட் ஐகன். கலப்பதை விட்டுவிட்டு, சமநிலையில் இருப்பதைக் கலைத்துப் பார்ப்பதே அவர் கையாண்ட முறை. சமநிலை என்பது ஓய்வன்று. ஒரு நொடியில் எத்தனை மூலக்கூறுகள் மடிகின்றனவோ, அத்தனை மூலக்கூறுகள் விரிகின்றன. வெப்பநிலை திடீரென உயர்ந்தால் அவை புதிய சமநிலையை நாடும். தராசுத் தட்டில் சிறு எடைக்கல்லை வைத்துவிட்டு, முள் புதிய இடத்தில் நிலைகொள்வதைப் பார்ப்பது போன்றது இது. ஐகன் குழுவினர் மின்தேக்கியில் சேர்த்த உயர் அழுத்த மின்சாரத்தைக் கரைசலுக்குள் பாய்ச்சிச் சூடேற்றினர். இப்போது அகச்சிவப்பு லேசர் துடிப்பு, சில நானோ நொடிகளில் நீரைப் பத்து டிகிரி அளவுக்குச் சூடாக்குகிறது. 1967ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பாதி ஐகனுக்கும், மறுபாதி நாரிஷ், போர்ட்டர் இருவருக்கும் கிடைத்தது.

சரி, மடிவதை எப்படிக் காண்பது? 260 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரைக் கரைசலுக்குள் செலுத்துகிறார்கள். மடிந்த இழையில் அடுக்கடுக்காக இருக்கும் காரங்கள் அதைக் குறைவாக உட்கவரும். விரிந்த இழை மிகுதியாக உட்கவரும். எனவே உட்கவர்தல் உயரும் வரைகோடே, இழைகள் விரிவதன் கணக்கு.

சூடேற்றினால் விரிதல்தானே தெரியும், மடியும் வேகம் எப்படித் தெரியும் என்று நண்பர்கள் கேட்கலாம். புதிய சமநிலையை எட்டும் வேகமாறிலி, மடிதல், விரிதல் ஆகிய இரண்டின் வேகமாறிலிகளது கூட்டுத்தொகையாகும். அவற்றின் விகிதமோ சமநிலை மாறிலி; கரைசலை மெல்லச் சூடாக்கி அதைத் தனியே அளந்துகொள்ளலாம். கூட்டுத்தொகையும் விகிதமும் தெரிந்தால் இரண்டும் தெரிந்தனவே!

இந்தக் கணக்கைக் கிராமப் பள்ளியில் நான் போட்டிருக்கிறேன். கல்லூரி வாசலை மிதித்தவர் எவரும் இல்லாத எங்கள் வீட்டில், அது எதற்கு உதவும் என்று சொல்ல அன்று ஆளில்லை. இன்று என் தங்கை கேட்டால் சொல்லுவேன்.