நீரும் வைக்கோலும் தரும் எரிபொருள்
தூய ஹைட்ரஜனை நாடும் பல்கலைக் கழக ஆராய்ச்சிகள்

உழவர் ஒருவர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிச் செல்லும் 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றை உண்டாக்க 4.5 கிலோ ஹைட்ரஜன் தேவைப்படுகிறது. யூரியாவுக்கு வேண்டிய நைட்ரஜன் காற்றில் ஏராளமாக உள்ளது. ஆனால் அதனுடன் சேர்ந்து அம்மோனியாவாக மாற வேண்டிய ஹைட்ரஜன் அவ்வாறு எளிதில் கிடைப்பதன்று. அது நீரிலும், எண்ணெயிலும், தாவரப் பொருள்களிலும் பிற தனிமங்களோடு பிணைந்தே காணப்படுகிறது. அப்பிணைப்பை அறுப்பதற்கு ஆற்றலைச் செலவிட்டே ஆக வேண்டும்.

நம் நாட்டின் உரத் தொழிற்சாலைகள் இன்று ஹைட்ரஜனைப் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்து பெறுகின்றன. அந்த வாயுவில் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வருவதாகும். மேலும், இம்முறையில் ஒரு கிலோ ஹைட்ரஜன் கிடைக்கும்போது 9 முதல் 10 கிலோ வரை கரியமில வாயுவும் உண்டாகிறது. ஆகவே ஹைட்ரஜனைத் தூய வழியில், உள்நாட்டுப் பொருள்களிலிருந்தே பெறுவது எவ்வாறு என்பது விஞ்ஞானிகள் மட்டுமே சிந்திக்க வேண்டிய கேள்வியன்று. உழவனின் வயலோடு நேரடித் தொடர்புள்ள கேள்வியாகும்.

நங்கலில் நடந்த முன்முயற்சி

நீரில் மின்சாரத்தைச் செலுத்தி அதனை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்கலாம் என்பதை இங்கிலாந்தில் நிக்கல்ஸன், கார்லைல் ஆகிய இருவரும் 1800ஆம் ஆண்டிலேயே செய்து காட்டினர். இம்முறை இந்தியாவுக்கும் புதியதன்று. பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு பஞ்சாபிலுள்ள நங்கலில் 1960களின் தொடக்கத்தில் நீர் பெருமளவில் மின்பகுப்புச் செய்யப்பட்டது. அங்குக் கிடைத்த ஹைட்ரஜன் உரமாயிற்று. அதனோடு இணைந்து, அணுசக்திக்கு வேண்டிய கனநீரைத் தயாரிக்கும் நாட்டின் முதல் நிலையமும் 1962இல் அங்கேயே இயங்கத் தொடங்கிற்று. பிற்காலத்தில் எண்ணெயும் இயற்கை வாயுவும் மின்சாரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இன்று கதிரவன் ஒளியாலும் காற்றாலும் கிடைக்கும் மின்சாரத்தின் விலை குறைந்து வருவதால், அப்பழைய வழி மீண்டும் ஆராய்ச்சியாளர் கவனத்துக்கு வந்துள்ளது.

மின்பகுப்பின் கணக்கு

ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பெற 9 கிலோ நீர் பகுக்கப்பட வேண்டும். உடன் 8 கிலோ ஆக்ஸிஜன் கிடைக்கும். கொள்கையளவில் இதற்கு 39.4 யூனிட் மின்சாரம் போதும். நடைமுறையில் 50 முதல் 55 யூனிட் வரை செலவாகிறது. மேற்கூறிய ஒரு மூட்டை யூரியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜனை மின்பகுப்பால் பெறுவதாயின், அதற்கு மட்டும் ஏறத்தாழ 240 யூனிட் மின்சாரம் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இம்மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதே முக்கியமானது. நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அத்தகைய மின்சாரத்தால் நீரைப் பகுத்தால், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 கிலோவுக்குக் குறையாத கரியமில வாயு சேரும். இது இயற்கை வாயு முறையைவிட ஐந்து மடங்கு தீயதாகும். நீரிலிருந்து வந்தது என்பதனால் மட்டுமே ஹைட்ரஜன் தூயதாகிவிடாது. இது கருதியே, 2023 ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் ஒரு வரையறையை வெளியிட்டது. அதன்படி, ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோவுக்கு மேற்படாத கரியமில வாயுவே வெளியாயின்தான் அது பசுமை ஹைட்ரஜன் எனப்படும்.

கடல்நீரை நேரே பகுக்க முடியுமா என்னும் வினாவும் எழுகிறது. கடல்நீரிலுள்ள உப்பின் குளோரைடு, நேர்மின்வாயில் குளோரின் சேர்மங்களாக மாறி உலோகத்தை அரித்துவிடுகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் இயற்பியல் துறையினர் இவ்விடரை எதிர்கொள்ளும் ஆராய்ச்சியின் முடிவுகளை 2023இல் அறிவித்தனர். கரியைத் தாங்கியாகக் கொண்டு, அதன்மேல் இரு உலோகங்களின் வினையூக்கியைப் பதித்த மின்வாய்களையும், செல்லுலோஸால் ஆன விலைமலிந்த தடுப்பையும் அவர்கள் உருவாக்கினர்.

வைக்கோலிலிருந்து ஹைட்ரஜன்

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் தாசப்பாவின் குழுவினர் வேறொரு வழியைக் கண்டனர். 2022இல் அறிவிக்கப்பட்ட இம்முறையில் தாவரக் கழிவுகள் ஆக்ஸிஜனுடனும் நீராவியுடனும் சேர்த்துச் சூடாக்கப்பட்டு, ஹைட்ரஜன் மிகுந்த வாயுவாக மாற்றப்படுகின்றன. பின்னர் அவ்வாயுவிலிருந்து ஹைட்ரஜன் தனியே பிரித்தெடுக்கப்படுகிறது.

ஒரு கிலோ தாவரப் பொருளில் அடங்கியுள்ள ஹைட்ரஜன் சுமார் 60 கிராமே. ஆனால் இம்முறையால் 100 கிராம் ஹைட்ரஜன் கிடைக்கிறது. எஞ்சிய 40 கிராம் எங்கிருந்து வந்தது? வினையில் கலந்துகொள்ளும் நீராவியே அதனைத் தருகிறது. தாவரத்திலுள்ள கரி, நீராவியின் ஆக்ஸிஜனைக் கவர்ந்துகொண்டு அதன் ஹைட்ரஜனை விடுவிக்கிறது.

இங்கு மற்றொரு நன்மையும் உண்டு. யூரியாவைச் செய்ய அம்மோனியா மட்டும் போதாது. 45 கிலோ மூட்டைக்கு 33 கிலோ கரியமில வாயுவும் வேண்டும். இயற்கை வாயுத் தொழிற்சாலைகளில் இது உடன்விளைபொருளாகவே கிடைத்துவிடுகிறது. நீரைப் பகுத்து ஹைட்ரஜன் பெறும் தொழிற்சாலைக்கு அது கிடைப்பதில்லை. தாவரக் கழிவு முறையிலோ ஹைட்ரஜனோடு கரியமில வாயுவும் கிடைக்கிறது. அது பயிர் காற்றிலிருந்து முன்னர் எடுத்துக்கொண்டதே. வயலில் கொளுத்தப்பட்டுப் புகையாகும் வைக்கோலுக்கு இவ்வழியில் ஒரு மதிப்பு ஏற்படக்கூடும். ஆயினும் பரந்த வயல்களிலிருந்து அதனைத் திரட்டி, உலர்த்தி, ஆண்டு முழுவதும் ஆலைக்கு அனுப்பும் ஏற்பாடு இல்லையேல் இவ்வாராய்ச்சி கூடத்தை விட்டு வெளியே வராது. அவ்வேற்பாட்டில் கிராமப் பணியாளர்களுக்குப் பெரும் பங்குண்டு.

அடைத்து வைப்பதன் அருமை

எடைக்கு எடை ஒப்பிட்டால் ஹைட்ரஜன் பெட்ரோலைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பம் தருகிறது. ஆனால் அது தனிமங்கள் யாவற்றிலும் இலேசானது. சாதாரண நிலையில் ஒரு கிலோ ஹைட்ரஜன் 11 கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதனைச் சிறிய இடத்தில் வைக்க வேண்டுமாயின், மிகுந்த அழுத்தத்தில் உருளைகளில் அடைக்க வேண்டும். அன்றேல் சுழிக்குக் கீழே 253 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர்வித்துத் திரவமாக்க வேண்டும். இரண்டிற்கும் ஆற்றல் செலவாகிறது.

மூன்றாவது வழி உலோகத்தில் உறையச் செய்வதாகும். பல்லேடியம் என்னும் உலோகம் தன் பருமனைப்போல் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்வதைத் தாமஸ் கிரகாம் 1866இல் கண்டறிந்தார். பல்லேடியம் விலையுயர்ந்தது. எனவே மலிவான கலப்பு உலோகங்களை நாடி, காசி இந்துப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் ஓங்கார் நாத் ஸ்ரீவாஸ்தவாவின் தலைமையில் பல்லாண்டுகள் ஆராய்ச்சி நடைபெற்றது. 2016இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2021இல் காலமானார்.

அவரது குழுவினர் மிஷ்மெட்டல் என்னும் அருமண் உலோகக் கலவையை நிக்கலுடன் சேர்த்த தூளில் ஹைட்ரஜனைச் சேமித்து, அதனைக் கொண்டு மோட்டார் சைக்கிள்களையும் மூன்று சக்கர வண்டிகளையும் ஓட்டிக் காட்டினர். இவ்வகை அருமண் உலோகங்கள் அடங்கிய மோனசைட் மணல், கேரளக் கரையிலும் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கிடைப்பது குறிப்பிடத்தக்கது. வெப்பம் பட்டாலன்றித் தூள் வாயுவை எளிதில் விடுவதில்லையாதலால், இம்முறை பாதுகாப்பானதும் ஆகும்.

குறையும் உண்டு. இவ்வகைக் கலப்பு உலோகம் 100 கிலோ இருப்பினும் அதில் ஒன்றரைக் கிலோ அளவு ஹைட்ரஜனே தங்கும். மெக்னீசியமோ தன் ஹைட்ரைடு நிலையில் 7.6 சதவீதம் ஹைட்ரஜனைக் கொண்டுள்ளது. ஆனால் அதை விடுவிக்க 300 டிகிரி அளவு வெப்பம் வேண்டும். நுண்துகள் வினையூக்கிகளைக் கலந்து, இவ்வினையை விரைவுபடுத்தவும் வெப்பநிலையைத் தாழ்த்தவும் காசியில் முயன்று வந்தனர். இலேசாக இருத்தல், எளிதில் வாயுவைத் தருதல் ஆகிய இரண்டும் ஒருங்கே பொருந்திய சேமிப்புப் பொருளைத் தேடும் பணி இன்னும் முடிவுறவில்லை.

எங்குப் பயன்படுத்துவது?

ஹைட்ரஜனை எஞ்சினில் எரிக்கலாம். அன்றி, எரிபொருள் மின்கலத்தில் ஆக்ஸிஜனோடு சேர்த்து நேரே மின்சாரமாக மாற்றலாம். பின்னதன் தத்துவத்தை வில்லியம் குரோவ் 1839ஆம் ஆண்டளவிலேயே காட்டினார். மின்கலத்தில் எஞ்சுவது நீர் மட்டுமே. எனினும் வரவு செலவைப் பார்க்க வேண்டும். 55 யூனிட் மின்சாரத்தால் பெற்ற ஒரு கிலோ ஹைட்ரஜன், மின்கலத்தின் வழியே திருப்பித் தருவது 20 யூனிட்டுக்கு மேற்படாது. சேமக்கலத்தில் சேர்த்த மின்சாரம் இதனினும் மிகுதியாகத் திரும்பக் கிடைக்கிறது. எனவே வீட்டு விளக்குக்கும் சிறு வண்டிகளுக்கும் ஹைட்ரஜனை நாடுவது சிக்கனமன்று. உரம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, எஃகு உற்பத்தி போன்று மின்சாரம் மட்டும் போதாத தொழில்களிலேயே அதற்கு முதலிடம் தகும்.

இத்துறையில் முயற்சிகள் பெருகி வருகின்றன. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமின் ஜோர்ஹாட்டில் நாளொன்றுக்கு 10 கிலோ தரும் பசுமை ஹைட்ரஜன் நிலையம் தொடங்கப்பட்டது. 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு மத்திய மந்திரி சபை ஒப்புதல் அளித்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி என்பது அதன் குறிக்கோள். கொச்சிக் கப்பல் தளம் கட்டிய ஹைட்ரஜன் மின்கலப் படகு 2024 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டது.

பள்ளியில் செய்து காட்ட

மின்பகுப்பை ஆசிரியர்கள் எளிதில் காட்டலாம். கண்ணாடிக் கிண்ணத்து நீரில் சிறிது சலவைச் சோடாவைக் கரைத்து, 9 வோல்ட் மின்கலத்தோடு இணைத்த இரு பென்சில் கரிக்குச்சிகளை அதில் அமிழ்த்த வேண்டும். எதிர்மின்வாயில் எழும் குமிழிகள் ஹைட்ரஜன். மற்றதில் எழுவது ஆக்ஸிஜன். இரு சோதனைக் குழாய்களில் அவற்றைத் தனித்தனியே சேகரித்தால், ஹைட்ரஜன் ஏறக்குறைய இரு மடங்கு இருப்பதை மாணவர் கண்ணாரக் காண்பர். சோடாவுக்குப் பதிலாகச் சமையல் உப்பைப் போடலாகாது; நச்சுத்தன்மையுள்ள குளோரின் வெளிப்படும். கடல்நீர் ஆராய்ச்சியின் இடர்ப்பாடும் இதுவே என்பதை அப்பொழுது விளக்கலாம்.

ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. அதன் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரிவதே அரிது. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு சிறு பொறியே அதனைப் பற்றவைக்கும். ஆயினும் அது விரைவில் மேலெழுந்து கலைந்துவிடும் இயல்பினது. ஆகவே சோதனையை நல்ல காற்றோட்டமுள்ள இடத்தில், நெருப்பை அகற்றி, சிறிய அளவிலேயே செய்தல் வேண்டும். இரு வாயுக்களையும் ஒரே குழாயில் சேர்த்தல் கூடாது.