தனிக் குரலும் சேர்ந்த குரலும்

மூலக்குளத்தைக் கடந்து வில்லியனூர்ப் பக்கம் போகிறவர்களுக்குக் கீழூர் தெரியாத ஊர் அன்று. 1954 அக்டோபர் 18-ந் தேதி அங்கே கூடிய 178 ஜனப்பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்தனர். அவ்வெற்றிக்கு அஸ்திவாரமிட்டவை கொம்யூன்களே. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஒரேயொரு கொம்யூன் மாத்திரம் இணைப்புத் தீர்மானம் செய்திருந்தால் பாரிஸ் சர்க்கார் அதை அலட்சியம் செய்திருக்கும். புதுவையும் சுற்றுக் கொம்யூன்களும் ஒருமுகமாய் நின்றபடியால் செவிசாய்க்க நேர்ந்தது.

ஐரோப்பாவும் இப்பாடத்தைக் கற்றது. 2001-ல் பவேரியா, கேட்டலோனியா, ஸ்காட்லாந்து முதலிய ஏழு சுயாட்சிப் பிரதேசங்கள் ஒன்றுகூடி, கண்டத்தின் முடிவுகளில் தங்களுக்கும் பங்கு வேண்டுமென்று பிரகடனம் செய்தன. கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆயினும், கீழ்மட்டத்தில் முடிக்கத்தக்க காரியத்தில் மேலிடம் தலையிட்டால் நீதிமன்றத்தை அணுகும் உரிமையைப் பிரதேசங்களின் குழுவுக்கு 2009-ல் அமலான லிஸ்பன் உடன்படிக்கை அளித்தது.

நம் நிலைமை என்ன? டில்லிப் பார்லிமெண்டில் புதுவைக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர், அவ்வளவே. அடித்தளமாக விளங்கவேண்டிய கொம்யூன் சபைகளுக்கோ 1968-க்குப் பின் 2006-ல்தான் தேர்தல் நடந்தது. அச்சபைகளின் ஆயுளும் 2011-ல் முடிந்தது. அந்நிய ஆட்சியில்கூட மேயர்கள் இருந்தனர்; ஸ்வராஜ்யத்தில் அவர்களின்றி ஆண்டுகள் பல கழிந்தன. பாகூர் ஏரியின் குறையையும் ஊசுட்டேரியின் குறையையும் எடுத்துரைக்க அவ்வூர்களுக்கு ஒரு வாய் வேண்டாமா?

காலந்தவறாத கொம்யூன் தேர்தலை வில்லியனூரும் பாகூரும் தனித்தனியே கெஞ்சிக் கேட்பதில் பயனில்லை. எல்லாக் கொம்யூன்களும் ஒரே தீர்மானமாகக் கோரட்டும். கீழூர் நமக்குக் காட்டிய வழி அதுவே.