மடை திறக்க ஆள் வேண்டும்

ஏரி இருக்கிறது. ஏரியிலே தண்ணீரும் இருக்கிறது. மடை திறக்கத்தான் ஆளில்லை. பயிர் என்ன ஆகும்? தருமபுரித் தோழர்களுக்கு இதை நாம் விளக்கவா வேண்டும்! கல்விக்கூடத்தின் கதையும் அதுதான்.

1965-ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். ஜனவரியில் மாணவர் கொதித்தெழுந்தனர், கல்லூரிகள் மூடப்பட்டன, அண்ணாமலை நகரில் குண்டு பாய்ந்து மாணவன் இராசேந்திரன் மாண்டான். அதே ஆண்டில்தான் தருமபுரிக்கு அரசு கலைக் கல்லூரி கிடைத்தது. அக்டோபர் 2-ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமும் ஆயிற்று. புயலுக்கு நடுவே ஏற்றிய விளக்கு அந்தக் கல்லூரி!

அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் பதவியில் இருந்தவர். உலகப்போர், விடுதலை, மொழிக் கிளர்ச்சி எல்லாம் அவர் காலத்தில்தான். அவர் செய்தவை யாவும் சரி என்று நாம் வாதாடவில்லை. ஆனால், கேட்டால் பதில் சொல்ல நாற்காலியில் ஒருவர் இருந்தார்.

பின்னர் நடந்தது என்ன? 2022-இல் துணைவேந்தர் நியமனம் பற்றிச் சட்டமன்றம் மசோதாக்களை நிறைவேற்றியது. ஆளுநர் மாளிகையிலே அவை உறங்கின. 2023 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி காலியாயிற்று. 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை அதன் கணக்குகளை முடக்க, சம்பளத்துக்கே தவிப்பு! 2025 ஏப்ரல் 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மசோதாக்களுக்கு வழிவிட்டது. மே 21-இல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. கோட்டைக்கும் மாளிகைக்கும் வழக்கு. காய்ந்தது யார் வயல்?

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் கடைசி மாவட்டம் தருமபுரி. கூலிக்காரத் தகப்பன் பெங்களூரில் கட்டட வேலை செய்வான். மகன் வீட்டிலேயே முதல் பட்டதாரி ஆவான். உதவித்தொகை ஒரு மாதம் தாமதித்தால் அந்தப் பையனும் பஸ் ஏறிவிடுவான். அவனைப் பெஞ்சிலே தக்கவைப்பதுதான் பிரின்சிபாலின் முதல் வேலை.

இன்னொன்றும் உண்டு. 2012 நவம்பரில் நத்தம் காலனியில் சாதித் தீ வீடுகளைச் சுட்டதே, மறந்தோமா? எரித்த தெருவின் பிள்ளையும், எரிந்த தெருவின் பிள்ளையும் மறுவாரம் ஒரே வகுப்புக்கு வரக்கூடும். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் நடத்தும் துணிவு தலைமைக்கு வேண்டும். அது சர்க்கார் உத்தரவில் வருவதல்ல. நெஞ்சில் இருக்க வேண்டியது.

தோழர்களே, ஊராரை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிவிட முடியுமா? சிபாரிசுக் கடிதத்தோடு பிரின்சிபால் அறை வாசலில் நின்றவர் நம்மிலே இல்லையா? நல்ல தலைவன் வேண்டும் என்று மேடையில் முழங்கிவிட்டு, மறுநாள் அவன் கையை முறுக்குவது என்ன நியாயம்?

ஆகவே இரண்டு செய்வோம். காலியான நாற்காலி எதுவானாலும், நாள் குறித்து நிரப்பு என்று கேட்போம். நிரம்பிய நாற்காலியை நிம்மதியாக வேலை செய்ய விடுவோம். மடை திறக்க ஆள் கேட்கும் நாம், மடையின் மேலே ஏறி உட்காரக் கூடாது!