எண் 10: கிளாரன்ஸ் சீடோர்ஃபின் மிலான் சட்டை

சிவப்பும் கறுப்பும் நெடுக்கோடுகளாக ஓடும் ஏ.சி. மிலான் சட்டை. முதுகில் எண் 10. இதே அணியில் சீடோர்ஃப் முதலில் அணிந்தது எண் 20.

கால்பந்து நடுக்கள வீரரான இவர் 1976-இல் சுரினாமின் தலைநகர் பாராமாரிபோவில் பிறந்து, நெதர்லாந்தில் வளர்ந்தார். 1992-இல், 16 வயதில், அயாக்ஸ் அணிக்காகக் களம் இறங்கினார். பின்னர் சம்ப்டோரியா, ரியல் மாட்ரிட், இன்டர் மிலான் எனப் பயணம் தொடர்ந்தது. 2002-இல் இன்டரிலிருந்து அதே நகரத்தின் எதிரணியான ஏ.சி. மிலானுக்கு மாறினார். சட்டைதான் மாறியது, இரு அணிகளுக்கும் சொந்தத் திடல் சான் சீரோவே.

மூன்று வெவ்வேறு அணிகளுடன் சாம்பியன்ஸ் லீக் வென்ற முதல் வீரர் இவர்: 1995-இல் அயாக்ஸ், 1998-இல் ரியல் மாட்ரிட், 2003-லும் 2007-லும் மிலான். வியன்னாவில் நடந்த 1995 இறுதி ஆட்டத்தில் அயாக்ஸ் தோற்கடித்தது இதே மிலானைத்தான்! 1998 இறுதி ஆட்டம் நடந்ததோ, இவர் ஆடப் பழகிய ஆம்ஸ்டர்டாமில். 2003-இல் மான்செஸ்டரில் ஆட்டம் பெனால்டி வரை போனது. சீடோர்ஃப் உதைத்த பந்தை யுவென்டஸ் கோல்காவலர் புஃபோன் தடுத்துவிட்டார். ஆனாலும் கோப்பை மிலானுக்கே.

மிலானில் பத்து ஆண்டுகள் ஆடிய பின், 2012-இல், பிரேசிலின் பொட்டாஃபோகோ அணிக்குச் சென்றார். 2014 ஜனவரியில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, உடனே மிலானின் பயிற்சியாளர் ஆனார். அந்தப் பதவி ஐந்து மாதம்கூட நீடிக்கவில்லை.

நெதர்லாந்து அணிக்காக 87 ஆட்டங்களில் 11 கோல்கள் அடித்தார். நாட்டின் சட்டையில் கோப்பை எதுவும் வெல்லவில்லை.